ஓ.எல், ஏ.எல்லுக்குப் பிறகு தொழில்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ் மாவட்டத்தில் தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எந்தக் கோர்ஸ் நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அந்தக் கோர்ஸ் முடிய எங்கே வேலை பழக விடுவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கீழே உள்ள பதில்களில் பெரும்பங்கு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஓ.எல் சரிவரவில்லை. இனி எங்கே சேரலாம்?

பாடசாலையிலேயே ஒரு வழி உண்டு. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ், ஓ.எல்லில் சித்தியடையாதவரும் உயர்தரத் தொழிற்பிரிவில் படிக்கலாம். எல்லாப் பாடசாலைகளிலும் இது இல்லை; எங்கே இருக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

பாடசாலை போதும் என்றால், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் நிலையங்களும் இருக்கின்றன. மேசன், குழாய் பொருத்துதல், வெல்டிங், தச்சு, தையல் போன்றவற்றுக்கு ஓ.எல் சித்தி பெரும்பாலும் கட்டாயமில்லை. கணினி, இலத்திரனியல், படவரைஞர் போன்றவற்றுக்குக் கணிதம் உட்படச் சில பாடங்களில் சித்தி கேட்பார்கள். நேரடியாக வேலைத்தளத்தில் பழக விரும்பினால் நைற்றா, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, தொழில்தருநருடன் ஒப்பந்தம் எழுதிப் பயிலுநராகச் சேர்த்துவிடும்.

வயதையும் கவனியுங்கள். 2021 இல் திருத்தப்பட்ட சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்க முடியாது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வேண்டும். "சும்மா கராஜில் நிற்கட்டும்" என்று 14 வயதுப் பெடியனை விடுவது இரண்டு பக்கத்துக்கும் வில்லங்கம்.

என்.வி.கியூ 3, 4, 5 என்கிறார்கள். எது எதற்கு?

தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 தேசிய டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 பட்டம். ஒருவர் பார்க்காமலே முழு வேலையையும் தனியாகச் செய்யக்கூடிய தொழிலாளி என்று சொல்வது 4 ஆம் மட்டம். அதனால் இயன்றவரை 4 வரை போங்கள். 2 அல்லது 3 உடன் நிற்பவரை உதவியாளாகத்தான் எடுப்பார்கள்.

பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று: 4 முடித்தவர் 5, 6 என ஏறி இரத்மலானையில் உள்ள தொழிற்கலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம்வரை போகலாம். இசட் புள்ளி கிடைக்காத பிள்ளைக்கும் இந்தப் படி இருக்கிறது. வேலை செய்துகொண்டே ஏறுவதால் காலம் எடுக்கும், ஆனால் கையில் காசும் இருக்கும்.

யாழ்ப்பாணத்தைச் சுற்றி என்னென்ன நிலையங்கள்?

கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஊரில் ரெக் என்றால் அதுதான். 5, 6 ஆம் மட்டங்களுக்கு யாழ்ப்பாணம் பல்கலைக்கழகக் கல்லூரி. இது யாழ் பல்கலைக்கழகம் அல்ல. இரண்டையும் குழப்பி விண்ணப்பம் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள். ஏ.எல் முடித்தவர்களுக்கு உயர் தேசிய டிப்ளோமா தருவது உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. வாகனம், இயந்திரம், மின்சாரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் என்று பொறிகளோடு பழக நினைப்பவர்கள் தூரத்தைப் பார்க்காமல் ஒருதடவை போய்ப் பாருங்கள்.

அரச நிலையங்களில் முழுநேரப் பாடநெறிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பல பாடநெறிகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். விண்ணப்பம் அதற்கு ஓரிரு மாதம் முன்பே முடிந்துவிடும். யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களில் எது உங்களுடையதோ, அங்கே மனிதவலு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து வைத்தால் தொழிற்சந்தை நடக்கும்போதும் தகவல் வரும்.

தனியார் நிலையம் ஒன்றில் காசு கட்டச் சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு விடயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்பது ஒன்று. நீங்கள் சேரப்போகும் பாடநெறி அதே ஆணைக்குழுவால் தரச்சான்று பெற்றதா என்பது மற்றது. ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்கும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பாடநெறிக்குத் தரச்சான்று இல்லாவிட்டால், இறுதியில் கிடைப்பது நிலையத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமே. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தேடலாம்.

பதிவெண்ணும் தரச்சான்றின் காலாவதித் திகதியும் எழுதிய கடதாசி தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். "சர்வதேசத் தரம்" என்று மட்டும் எழுதிய விளம்பரத்துக்கு எந்தச் சட்டப் பெறுமதியும் கிடையாது.

சேருவதற்கு முன் நிலையத்தில் என்ன கேட்க வேண்டும்?

வகுப்பறைப் படிப்பு முடிந்தபின் வேலைத்தளத்தில் பயிற்சி வரும். பல பாடநெறிகளில் அது ஆறு மாதம். கடைசியாக முடித்த அணியை எங்கெங்கே விட்டீர்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். "நாங்கள் பார்த்து விடுவோம்" என்பது பதில் அல்ல. நிறுவனங்களின் பெயரைச் சொல்லக்கூடிய போதனாசிரியர் இருந்தால் அந்தப் பாடநெறிக்குச் சந்தையோடு தொடர்பு இருக்கிறது.

பிறகு பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். 20 பேருக்கு இரண்டு வெல்டிங் பிளாண்ட் என்றால் ஒரு பிள்ளை குச்சி பிடிக்கும் நேரம் நாளுக்கு அரைமணி கூடத் தேறாது. கழிவு இரும்புக் குவியலைப் பாருங்கள்: நிறைய ஒட்டிப் பழகிய இடத்தில் ஒட்டிய துண்டுகள் கிடக்கும். பட்டறை துப்புரவாக, பெட்டி உடைக்காத பொறிகளோடு இருந்தால் யோசிக்க வேண்டும்.

வேலைத்தளப் பயிற்சியில் ஏன் இவ்வளவு பேர் இடையில் நிற்கிறார்கள்?

மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பயணம் ஒன்று. வடமராட்சி கிழக்கிலோ தீவகத்திலோ இருக்கும் பிள்ளையை யாழ் நகரில் விட்டால், காலை 8 மணிக்கு நிற்க முடியாது. பஸ் நேரம் ஒத்துவராது. கொடுப்பனவில் பாதி பயணத்துக்குப் போகும். சேரும்போதே வீட்டுக்கு அருகில் உள்ள வேலைத்தளங்கள் இரண்டை நீங்களே தேடி நிலையத்துக்குச் சொல்லலாம். பொருத்தமான இடமாக இருந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள்.

இரண்டாவது, வேலை பழக்காமல் தேத்தண்ணி வாங்கவும் கூட்டவும் விடுவது. முதல் இரண்டு கிழமை அப்படித்தான் போகும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆறாவது கிழமையிலும் அதுவே என்றால் போதனாசிரியரிடம் சொல்லி இடத்தை மாற்றிக் கேளுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் சான்றிதழும் போகும், இடமும் போகும்.

மூன்றாவது, நாட்குறிப்பு. ஒவ்வொரு நாளும் என்ன செய்தீர்கள், எந்தக் கருவி, எந்த அளவு என்று எழுதி மேற்பார்வையாளரின் கையொப்பம் வாங்க வேண்டும். கடைசிக் கிழமையில் ஆறு மாதத்தையும் ஒரே பேனையால் எழுதுபவரை மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடிப்பார். "வயரிங் செய்தேன்" என்று எழுதாதீர்கள். "2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 13 அம்பியர் பிளக் நான்கு இழுத்தேன், ஒன்றில் போலாரிட்டி மாறியிருந்தது, திருத்தினேன்" என்று எழுதுங்கள். கைத்தொலைபேசியில் வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பதும் அதே நாட்குறிப்பின் பகுதிதான்; பிறகு வேலை தேடும்போது அந்தப் படங்கள் பேசும்.

இறுதி மதிப்பீட்டில் என்ன நடக்கும்? எதில் விழுகிறார்கள்?

புள்ளி கிடையாது. ஒவ்வொரு அலகுக்கும் தேர்ச்சி உண்டு, அல்லது இன்னும் இல்லை என்றுதான் முடிவு வரும். ஒன்றிரண்டு அலகுகளில் தவறினால் அவற்றை மட்டும் மறுபடி செய்யலாம். முழுப் பாடநெறியையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. தமிழிலேயே செய்யலாம்.

வீட்டு வயரிங்கில் பெரும்பாலானோர் விழுவது இணைப்பில் அல்ல, சோதனையில். மின்சாரம் கொடுக்க முன் புவித் தொடர்ச்சி, போலாரிட்டி (உயிர்க்கம்பியும் நடுநிலைக் கம்பியும் இடம் மாறாதிருப்பது), காவலித் தடை மூன்றையும் பார்க்க வேண்டும். 230 வோல்ற் சுற்றுக்கு மெகரில் (காவலித் தடை அளக்கும் கருவி) 500 வோல்ற் டி.சி வைத்துப் பார்த்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மின் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் வேலையை ஒப்படைப்பவர் அந்த அலகில் தப்ப மாட்டார். ஊரில் பாஸ்மாரோடு பழகியவர்களுக்கு மெகர் என்ற பொருளையே கண்டிராத குறை இருக்கும். நிலையத்தில் இருக்கும்போதே பழகிவிடுங்கள்.

வெல்டிங்கில் கேற், கிறில் ஒட்டும் 6013 குச்சியோடு பழகியவர், 7018 குச்சியைக் கொடுத்தால் தடுமாறுவார். 7018 ஈரத்தை இழுக்கும். மாரிகாலத்தில் திறந்து வைத்த பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினால் உள்ளே துளை விழும், பிறகு வெடிப்பும் வரும். அவணில் 300 பாகை செல்சியசுக்கு மேல் ஒருமணி நேரமாவது சூடாக்கி எடுக்க வேண்டும். ஒட்டும் நிலைகளில் 3ஜி நிமிர்ந்தது, 4ஜி தலைக்குமேல், 6ஜி 45 பாகை சாய்ந்து அசையாமல் நிற்கும் குழாய். வெளிநாட்டுக் குழாய் வேலைகளுக்குக் கேட்பது 6ஜி. ஊரில் கேற் செய்து ஒருபோதும் 6ஜி வராது. அதற்குத் தனியாகக் குழாய் வெட்டி வைத்துப் பழக வேண்டும்.

பத்து வருடமாக மேசன் வேலை. கையில் ஒரு கடதாசியும் இல்லை. திரும்பப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. நைற்றாவிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் கேட்கலாம். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், கட்டடப் பொறுப்பாளரின் உறுதிப்படுத்தல் இவற்றைக் கோவையாக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும்.

அனுபவசாலிகள் சறுக்குவது இரண்டு இடத்தில். வரைபடம் வாசித்து அளவு எடுப்பது ஒன்று. சீமெந்து, மணல், கல் அளவைக் கணக்கிட்டுச் சொல்வது மற்றது. கை தன்பாட்டில் 1:5 சாந்து குழைக்கும். இந்தச் சுவருக்கு எத்தனை பை சீமெந்து என்று கேட்டால் நிற்பார்கள். பாதுகாப்புக் கேள்விகளும் வரும்: சாரம், தலைக்கவசம், முதலுதவி. ஒரு கிழமை இவற்றை இருந்து பார்த்துவிட்டுப் போனால் போதும்.

இங்கே எந்த வேலைக்கு உண்மையில் ஆள் தேவை?

வீடு கட்டுவது நிற்கவில்லை; மேசன், ஓடாவி, ரைல் பதிப்பவர், வயரிங், குழாய் வேலை எல்லாவற்றுக்கும் ஆள் தட்டுப்பாடு. ஓடாவி வேலைக்கு இளையவர்கள் வருவதே அரிது.

குளிரூட்டி திருத்துவோருக்கு வேலை கூடிக்கொண்டு போகிறது. கடற்காற்றில் வெளி அலகின் சுருள் அரிக்கும், அதனால் திருத்த வேலை ஓயாது. புதிதாகப் படிப்பவர் இப்போதைய குளிரூட்டிகளில் வரும் ஆர்-32 வாயுவோடு பழக வேண்டும். அது மெல்லத் தீப்பற்றக்கூடியது. பழைய ஆர்-22 வாயுவின் பழக்கத்தில், குழாயில் உள்ள காற்றை இழுத்து வெற்றிடம் எடுக்காமல் வாயு ஏற்றுவது இங்கே ஆபத்து. கூரைச் சூரியக்கலத்திலும் இதே உப்புக்காற்றுப் பிரச்சினை உண்டு. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகையளவில் இருப்பதால் தெற்குப் பார்த்து 10 பாகைச் சாய்வு போதும், சட்டத்துக்குத் துருப்பிடிக்காத உருக்குப் போல்ட் வேண்டும், டி.சி இணைப்பியை அதற்குரிய கிறிம்பராலேயே நசுக்க வேண்டும். குறட்டால் நசுக்கிய இணைப்புத்தான் பிறகு சூடேறிக் கருகும்.

ஆரும் அவ்வளவாகப் பேசாத தொழில் ஒன்றும் இருக்கிறது: வெளியிணைப்பு இயந்திரமும் கண்ணாடி இழைப் படகும் திருத்துவது. குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறை என்று கரை முழுக்கப் படகுகள். இழை வேலையில் பிசினுக்கு வன்மையாக்கியை 1 முதல் 2 வீதம் சேர்ப்பார்கள். வெயிலில் அளவுக்கு மேல் போட்டால் கொதித்து இறுகி வெடிக்கும், குறைந்தால் ஒட்டிக்கொண்டே இருக்கும். கணினி வகுப்புக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் இந்தப் பக்கம் வந்தாலும் வேலை இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அரச உத்தியோகத்துக்காகக் காத்திருக்கலாமா?

விண்ணப்பியுங்கள், பரீட்சை எழுதுங்கள். காத்திருக்க வேண்டாம். வேலை செய்துகொண்டும் எழுதலாம்.

மகளுக்கு எது பொருத்தம்?

பெற்றோர் பெரும்பாலும் தையலையும் அழகுக்கலையையும் கேட்பார்கள். இரண்டிலும் ஏற்கெனவே ஆட்கள் நிறைய. உணவுத் தொழில்நுட்பம், கட்டட அளவைக் கணிப்பு, கணினி வரைபடம், கணக்கு மென்பொருள், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இங்கேயே இடம் உண்டு. வயரிங், இலத்திரனியல் திருத்தத்திலும் பெண் பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள். தடையாக வருவது பின்னேரம் பிந்தி வீடு திரும்புவதுதான். ஆகவே வேலைத்தளப் பயிற்சி இடத்தை முதலே நேரில் போய்ப் பாருங்கள்: தனிக் கழிப்பறை இருக்கிறதா, வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, எத்தனை மணிக்கு விடுகிறார்கள்.

சிங்களமும் ஆங்கிலமும் தெரியாது. பரவாயில்லையா?

யாழ்ப்பாணத்துக்குள் சமாளிக்கலாம். வவுனியாவைத் தாண்டினால் வேலைத்தளத்தில் சிங்களம் வேண்டும். இலக்கணம் தேவையில்லை; கருவிப் பெயர், எண், அளவு, "நிறுத்து", "தூக்கு", "கவனம்" இவ்வளவும் வாய்க்கு வந்தால் மற்றது இரண்டு மாதத்தில் வரும். ஆங்கிலத்தில் பொறியின் கையேட்டை வாசிக்கப் பழகுங்கள். பேசுவது பிறகு.

முதல் வேலை. சம்பளத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நியமனக் கடிதம் கேளுங்கள். தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், தொழில்தருநர் 12 வீதம் போடுவார். நம்பிக்கை நிதிக்கு அவர் மேலும் 3 வீதம் போட வேண்டும், அதை உங்களிடம் கழிக்கக்கூடாது. 40,000 சம்பளம் என்றால் உங்களிடம் 3,200, அவரிடமிருந்து 4,800, அத்துடன் 1,200. கழிக்கிறார்கள் என்பதற்காகக் கட்டுகிறார்கள் என்று நம்பாதீர்கள். அங்கத்துவ இலக்கத்தை வாங்கி ஆறு மாதத்துக்கு ஒருதடவை மீதியைப் பாருங்கள்.

கடை, அலுவலக வேலை என்றால் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. "பழகுகிற ஆள்" என்று சொல்லி இரண்டு வருடம் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை நிறுத்துவது நகரத்தில் புதினமில்லை. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வருகைப் பதிவின் படம், சம்பளம் வந்த வங்கிக் குறிப்பு இரண்டும் கையில் இருந்தால் முறைப்பாடு நிற்கும்.

வீட்டிலிருந்து ஐ.ரி வேலை செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஆறு மாத வகுப்பின் சான்றிதழைப் பார்த்து ஒருவரும் வேலை தரமாட்டார்கள். முடித்து ஓடவிட்ட ஒரு செயலி, அல்லது யாராவது உண்மையில் பாவிக்கும் ஓர் இணையத்தளம், அதன் நிரல் கிற்ஹப்பில் (நிரல்களை மற்றவரும் பார்க்க வைக்கும் இணையத்தளம்). அதைத்தான் பார்ப்பார்கள். யாழ் ஐ.ரி ஹப் நடத்தும் யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டிகளுக்குப் போனால் நிறுவனக்காரரை நேரில் காணலாம்.

காசு வாங்கும் வழியை முதலே ஒழுங்கு செய்யுங்கள். பேபால் மூலம் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது. பேயோனியர் போன்றவற்றைத்தான் பாவிக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் 15 வீதம். வருடம் 18 இலட்சம் ரூபாவரை வரியில்லை.

வெளிநாட்டு வேலை என்று ஏஜென்சிக்காரர் கூப்பிடுகிறார். போகலாமா?

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தே கேட்கலாம். அனுமதிப்பத்திரம் இருந்தாலும் போதாது. உங்களுக்குச் சொல்லும் அந்த வேலைக்கே பணியக அனுமதி வேண்டும். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மூலக் கடவுச்சீட்டைக் "கொஞ்ச நாளைக்கு" விட்டுவைக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் அத்தோடு பேச்சை முடியுங்கள்.

கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்தில் (ஈ.பி.எஸ்) போகப் பணியகத்தைத் தவிர வேறு வழி இல்லை. கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும், வயது 18 முதல் 39. ஜப்பானின் குறித்த திறன் விசாவுக்கு என்4 மட்ட ஜப்பானிய மொழியும் தொழில் பரீட்சையும் வேண்டும். இரண்டிலும் இடம் எடுத்துத் தருவோம் என்று இலட்சக்கணக்கில் கேட்பவர், நீங்களே கட்டணம் கட்டி எழுதக்கூடிய பரீட்சையைத்தான் விற்கிறார். சான்றிதழ்களை உறுதிப்படுத்தக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை; யாழ் கச்சேரியிலேயே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் கிளை இருக்கிறது.

சொந்தமாகத் தொடங்கினால்?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அதைவிட முக்கியம் விலை சொல்லப் பழகுவது. பொருள், உங்கள் நாட்கூலி, உதவியாளின் கூலி, பெற்றோல், கருவித் தேய்மானம் என்று ஐந்தையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். கடைசி இரண்டையும் விட்டுவிட்டு விலை சொல்பவர் வேலை நிறையச் செய்வார், வருட முடிவில் கிறைண்டர் பழுதாகும்போது காசு இருக்காது.

விலையைக் கடதாசியில் கொடுங்கள், எத்தனை நாளைக்குச் செல்லும் என்றும் எழுதுங்கள். கம்பி, இரும்பு விலை மாறும். பொருளுக்கான காசை முன்பணமாக வாங்குங்கள், கூலியை வேலை முடிய. சொந்தக்காரர் வீட்டு வேலைக்கும் இதே கடதாசி கொடுக்க வேண்டும். கழிவு கொடுப்பதென்றால் முழு விலையையும் எழுதி, கழிவைக் கீழே தனி வரியில் காட்டுங்கள்.